நான்கு சக்கர இழுவையும் பனிச் சாலையும்



தமிழில் 'பனி' என்ற சொல் மிக விரிந்த பொருள் உடையது. விடியற்காலையில் பால்வெட்டுக்குப் புறப்பட்ட நம் பெற்றோர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டது பனிக்காகத்தான். இமயமலையின் சிகரங்களை மூடிக் கிடப்பதும் பனிதான். முதலாவது, புல்லின் மேல் முத்துப்போல் நின்று, வெயில் ஏறியதும் மறைந்துவிடும் ஈரம். இரண்டாவது, வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து, சாலையில் கிடந்து, வாகனங்கள் ஏறி ஏறி இறுகி, இரவுக் குளிரில் கண்ணாடியாக மாறும் உறைபனி. ஜொகூரில் வாழும் நாம் முதலாவதை நன்கு அறிவோம். இரண்டாவதைப் படத்தில்தான் கண்டிருப்போம். மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1978 பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரி செல்சியஸ் ஆகும். இந்த எண்ணைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டயரைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

அப்படியானால் தம்போயில் குடியிருப்பவருக்குப் பனிச் சாலையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று கேட்கலாம். காலம் மாறிவிட்டது. ஆண்டு இறுதியில் நம்மவர்கள் குடும்பத்தோடு ஜப்பானின் வடதீவான ஹொக்கைடோவுக்குப் போகிறார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போகிறார்கள். அங்கே அப்போது குளிர்காலம். இரு நாடுகளிலும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுவதால், அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை எடுத்துக்கொண்டு, வாடகைக் கார் எடுத்துத் தாமே ஓட்டத் துணிகிறார்கள். கனடாவிலும் நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் தமிழர்கள் ஆண்டுதோறும் பனியில்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் உறவினரும் சில வேளைகளில் வண்டியின் சாவியைக் கையில் வாங்குகிறார்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது பலர் கேட்பது ஒன்றுதான்: "நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி இருக்கிறதா?" நம் ஊரில் இதைச் சுருக்கமாகப் 'போர்வீல்' என்று சொல்லிவிடுகிறோம். போர்வீல் கிடைத்துவிட்டால் பனியைப் பற்றிய அச்சம் போய்விடுகிறது. இந்தத் துணிவில் எவ்வளவு நியாயம், எவ்வளவு ஆபத்து என்பதையே இன்று ஆராயப் போகிறோம்.

இழுவை எப்படிக் கிடைக்கிறது?

வண்டி நகர்வதற்கு இயந்திரத்தின் வலிமை மட்டும் போதாது. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். தரை சக்கரத்தை முன்னோக்கித் தள்ள வேண்டும். இதற்கு இடையே நிற்பது உராய்வு, அதாவது பிடிப்பு. சாதாரணக் காரில் இயந்திரத்தின் விசை இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகிறது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் முன் சக்கரங்கள் இழுக்கின்றன. பிக்கப் வண்டிகளில் பின் சக்கரங்கள் தள்ளுகின்றன. மற்ற இரண்டும் வெறுமனே உருண்டு வருகின்றன. வண்டியின் எடையில் ஏறத்தாழப் பாதி அந்த உருளும் சக்கரங்களின் மேல் இருக்கிறது. அந்தப் பாதி எடை தரும் பிடிப்பு, புறப்படும்போது நமக்குப் பயன்படுவதில்லை.

நான்கு சக்கர இழுவையில் இந்தக் குறை நீங்குகிறது. விசை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. வண்டியின் முழு எடையும் பிடிப்பாக மாறி உதவுகிறது. பல்லக்கை இருவர் தூக்குவதற்கும் நால்வர் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. தரை உலர்ந்திருக்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. தரை வழுக்கும்போதுதான் தெரியும்.

இந்த முறை நமக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1941ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஜீப் பெருமளவில் உற்பத்தியானது. அதைப் பின்பற்றிப் பண்ணை வேலைக்கென்றே உருவான பிரிட்டனின் லேண்ட் ரோவர், 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. அதன் பிறகு மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் துரைமார்கள் லேண்ட் ரோவரில் வலம் வந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கூலாயிலும் ரெங்கத்திலும் கோத்தா திங்கியிலும் மழைக்காலச் செம்மண் சாலை எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த வண்டி ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

சாதாரணக் காரில் நான்கு சக்கர இழுவை பரவியதற்குக் காரணமாக அமைந்ததோ பனிதான். ஜப்பானின் வடகிழக்குப் பகுதியான தொஹோக்குவில் குளிர்காலத்தில் பனி மிகுதி. அங்குள்ள மின்சார நிறுவனத்தின் ஊழியர்கள் மலைப்பகுதி மின்கம்பிகளைப் பார்வையிட ஜீப்பில்தான் போய்வந்தார்கள். அதில் குளிரும் குலுக்கலும் அதிகம். கார்போல் வசதியும் ஜீப்போல் இழுவையும் உள்ள ஒரு வண்டி வேண்டும் என்று அந்நிறுவனம் கேட்டது. மியாகி மாநிலத்துச் சுபாரு விற்பனையாளர் அதற்கேற்ப ஒரு காரை மாற்றி அமைத்தார். அந்த முயற்சியின் விளைவாக 1972ஆம் ஆண்டு சுபாரு லியோனே என்ற நான்கு சக்கர இழுவைக் கார் விற்பனைக்கு வந்தது. இன்று சாலைகளில் நிறைந்திருக்கும் எஸ்யூவி வகை வண்டிகளுக்கு அது ஒரு முன்னோடி.

ஆகவே, பனியில் புறப்படவும் மேட்டில் ஏறவும் நான்கு சக்கர இழுவை பேருதவி செய்கிறது என்பதில் ஐயமில்லை.

பெயர் ஒன்று, அமைப்பு பல

'போர்வீல்' என்ற ஒரே பெயருக்குள் மூன்று வகை அமைப்புகள் இருக்கின்றன. வண்டியை எடுப்பவர் தம் கையில் இருப்பது எது என்று அறிந்திருக்க வேண்டும்.

முதல் வகை, தேவைப்படும்போது ஓட்டுநரே போட்டுக்கொள்வது. நம் ஊர்ப் பிக்கப் வண்டிகள் பல இந்த வகை. விசையைத் திருப்பாத வரையில் அது பின்சக்கர வண்டிதான். இதை உலர்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர நிலையில் ஓட்டக் கூடாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழியில் போகின்றன. இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டால், அந்த வேறுபாட்டுக்கு இடமின்றிப் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். சேற்றிலும் பனியிலும் சக்கரம் சற்று வழுக்கிக் கொடுப்பதால் இந்த முறுக்கு தளர்ந்துவிடுகிறது.

இரண்டாம் வகையில் விசை எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வேறுபாட்டைச் சமன் செய்யும் பற்சக்கரத் தொகுதி ஒன்று இருப்பதால், உலர்ந்த சாலையிலும் தடையின்றி ஓட்டலாம்.

மூன்றாம் வகை, இன்றைய எஸ்யூவிகளில் மிகுதியாகக் காணப்படுவது. சாதாரண நேரத்தில் முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். அவை வழுக்குவதை மின்னணுக் கருவி உணர்ந்தவுடன் பின் சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் பற்சக்கரத் தொகுதி, எந்தச் சக்கரம் எளிதாகச் சுழல்கிறதோ அதையே சுழலவிடும் இயல்புடையது. பூட்டு வசதியோ, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து அடக்கும் மின்னணு வசதியோ இல்லாவிட்டால், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சக்கரங்கள் பனிக்கட்டியில் நின்றாலே, நான்கு சக்கர வண்டியும் நகராமல் நின்றுவிடும்.

நிற்பதற்கு எது உதவும்?

இப்போது இப்பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். புறப்படும்போது சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்கள் வேலை செய்கின்றன, போர்வீலில் நான்கு. நிறுத்தும்போது எத்தனை?

எல்லாக் கார்களிலும் நான்குதான். பிரேக் என்பது எந்தக் காராக இருந்தாலும் நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. இயந்திரத்தின் விசை எத்தனை சக்கரங்களுக்குப் போகிறது என்பதற்கும், வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதற்கும் தொடர்பே இல்லை. விலை மலிந்த சிறிய காரும் விலை மிகுந்த எஸ்யூவியும் ஒரே வகை டயரோடு ஒரே பனியில் பிரேக் பிடித்தால், ஏறத்தாழ ஒரே தூரத்தில்தான் நிற்கும். எடை கூடினால் பிடிப்பும் கூடும். தடுத்து நிறுத்த வேண்டிய வேகச் சுமையும் அதே அளவு கூடும். எனவே பெரிய வண்டி என்பதால் விரைவில் நிற்காது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலர்ந்த தார்ச் சாலையின் பிடிப்பு எண் சுமார் 0.8, மழையில் நனைந்த சாலைக்குச் சுமார் 0.5, இறுகிய பனிக்குச் சுமார் 0.2, பனிக்கட்டிக்கு 0.1 அல்லது அதற்கும் குறைவு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்த இடத்திலிருந்து உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 12 மீட்டரில் நிற்கும். நனைந்த சாலையில் 20 மீட்டர். இறுகிய பனியில் 50 மீட்டர். பனிக்கட்டியில் 100 மீட்டர். நாம் கண்டு, எண்ணி, காலைப் பிரேக்கில் வைப்பதற்குள் ஒரு வினாடி கழியும். அதற்குள் இன்னும் 14 மீட்டர் போயிருக்கும்.

தம்போயில் நம் வீட்டு வாசலிலிருந்து 100 மீட்டர் எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள். எதிரே ஒரு குழந்தை சாலையைக் கடக்கிறது. அத்தனை தூரத்துக்கு முன்பே பிரேக் பிடித்திருந்தால்தான், பனிக்கட்டியின் மேல் வண்டி குழந்தைக்கு முன்னால் நிற்கும். இதில் போர்வீல் ஒரு மீட்டரைக்கூடக் குறைத்துத் தராது. வேகத்தைப் பாதியாக்கினால், நிற்கும் தூரம் கால் பங்காகக் குறையும். 100 மீட்டர் 25 ஆகிவிடும். தூரத்தைக் குறைக்கும் கருவி ஓட்டுநரின் வலது காலில்தான் இருக்கிறது.

திருப்பத்துக்கும் இதே விதிதான். வளைவில் வண்டியைச் சாலைக்குள் பிடித்து வைப்பதும் டயரின் பிடிப்பே. வேகம் அதிகமானால் முன் சக்கரங்களைத் திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போகும்.

ஏற்றமும் இறக்கமும்

மலைப்பாதையில் இந்த வேறுபாடு எவ்வளவு கொடியதாகிறது என்று பாருங்கள். பிடிப்பு எண் 0.2 உள்ள பனியில், எடையில் பாதியை மட்டும் பயன்படுத்தும் இரண்டு சக்கர வண்டி, 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் திணறி நின்றுவிடும். போர்வீலோ 10 மீட்டருக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உயரும் செங்குத்தான ஏற்றத்தையும் எட்டிப் பிடிக்கும். ஓட்டுநருக்கு மகிழ்ச்சி. வழியில் சிறிய கார்கள் நின்றிருக்க, தாம் மட்டும் மேலே போவதில் பெருமையும் சேரும்.

ஆனால் மேலே போனவர் கீழே வர வேண்டும். அதே சரிவில் இறங்கும்போது, கீழ்நோக்கி இழுக்கும் விசையும் டயர் தரக்கூடிய முழுப் பிடிப்பும் சமமாகிவிடுகின்றன. அப்படியானால் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறையாது. இரண்டு சக்கர வண்டி ஏற முடியாமல் அடிவாரத்திலேயே நின்று, தன் ஓட்டுநரைக் காப்பாற்றிவிடுகிறது. போர்வீலோ தன் ஓட்டுநரை, அவர் பாதுகாப்பாக இறங்கிவர முடியாத உயரத்துக்கு அழைத்துப் போய்விடுகிறது. பனிப் பகுதிகளில் பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளில் பெரிய எஸ்யூவிகளும் இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

இந்தியாவில் இதைக் கண்ணால் காணும் இடம் இமாசலப் பிரதேசத்தின் மணாலி. அங்கிருந்து ரோதாங் கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு முன் குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடந்த பகுதிக்கு, இப்போது சுற்றுலாப் பயணிகள் டிசம்பரிலும் போகிறார்கள். பனியையே பார்த்திராத சமவெளி ஓட்டுநர்கள், சமவெளி டயர்களோடு சோலாங் பள்ளத்தாக்குச் சரிவில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். 2024 டிசம்பரில் ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் வாகனங்கள் அங்கே சிக்கி நின்றன. காவல் துறையினர் இரவெல்லாம் நின்று அவற்றை மீட்க வேண்டியதாயிற்று.

டயரில் இருக்கிறது ரகசியம்

அப்படியானால் நிற்பதற்கு உதவுவது எது? டயர்தான். வண்டி எவ்வளவு பெரியதானாலும் அது சாலையைத் தொடுவது நான்கு இடங்களில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டுமே. அந்த நான்கு உள்ளங்கைகள் எதனால் ஆனவை என்பதே பனிச் சாலையில் உயிரைக் காக்கும் கேள்வி.

நாம் இங்கே பயன்படுத்தும் டயர் வெப்ப நாட்டுக்கு ஏற்றது. சூடான தார்ச் சாலையில் தேய்ந்து போகாதபடி கெட்டியான கலவையால் ஆனது. வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது இந்தக் கலவை இறுகத் தொடங்குகிறது. இறுகிய டயர் சாலையின் மேடு பள்ளங்களில் பதியாமல், பலகைபோல் வழுக்குகிறது. தொடக்கத்தில் சொன்ன 7.8 டிகிரியை இப்போது நினைவுக்குக் கொண்டுவாருங்கள். மலேசியாவின் வரலாற்றிலேயே குளிரான அந்தப் பதிவுகூட இந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. நம் டயரின் இந்தக் குணத்தை நாம் அறியாமல் இருப்பதில் வியப்பில்லை. அதைக் காட்டும் குளிர் இந்நாட்டுச் சாலைக்கு வந்ததில்லை.

பனிக்கால டயர் வேறு விதமாகச் செய்யப்படுகிறது. அதன் கலவை குளிரிலும் மென்மையாக இருக்க வேண்டும். அதற்காக அதில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன. இயற்கை ரப்பர் கண்ணாடிபோல் இறுகிப்போக, பூச்சியத்துக்குக் கீழே சுமார் 70 டிகிரி குளிர் வேண்டும். செயற்கை ரப்பர் வகைகள் பல அதற்கு முன்பே இறுகிவிடும். பால்மரத்தின் பாலில் இயற்கை வைத்திருக்கும் இந்தக் குணம், பனி நாட்டுக்குப் போய்ப் பயன்படுகிறது.

இதைச் சொல்லும்போது நம் மக்களை எண்ணாமல் இருக்க முடியவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்து ஜொகூர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் பால்மரம் சீவிய தலைமுறைகளின் உழைப்பால், மலேசியா பல பத்தாண்டுகள் உலகின் தலைசிறந்த ரப்பர் உற்பத்தி நாடாக விளங்கியது. இன்று அந்தத் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாக மாறிவிட்டது. பனியையே காணாத அந்தக் கைகள் திரட்டிய பால், பனி நாடுகளின் சாலைகளில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கி நின்றிருக்கிறது.

பனி டயரின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்களும், அவற்றின் இடையே நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்களும் இருக்கும். கீறல்களின் விளிம்புகள் பனியைக் கவ்வுகின்றன. பள்ளங்களில் பனி நிறைந்து இறுகுகிறது. பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால், டயருக்குள் நிறைந்த பனியும் பிடிப்பாகிறது. இத்தகைய டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும், அதற்குள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும். வெறுமனே 'எம்', 'எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் உள்ள டயர், சேறு, பனி இரண்டுக்கும் ஏற்ற பள்ள அமைப்பு உடையது என்று தயாரிப்பாளர் சொல்வதைத்தான் குறிக்கும். பனியில் சோதித்துப் பார்த்ததற்கு அது சான்றாகாது.

பனி நாட்டு அரசுகள் இதை நன்கு அறிந்திருக்கின்றன. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டின் குளிர்காலம் முதல் பனி டயர் சட்டப்படி கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்கள் பனி டயரோடுதான் ஓட வேண்டும். போர்வீல் என்பதற்காக விலக்கு கிடையாது. நம் நாட்டில் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். நார்வேயில் குளிர்காலத்தில் 3 மில்லிமீட்டர் வேண்டும். ஜப்பானில் ஒரு காலத்தில் இரும்பு முளை பதித்த டயர்கள் புழங்கின. பனியில்லாத நாட்களில் அவை சாலையைச் சுரண்டி, செண்டாய், சப்போரோ போன்ற நகரங்களைத் தூசியால் நிறைத்தன. 1990ஆம் ஆண்டு அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இன்று அங்கே முளையில்லாத மென்மையான பனி டயர்களே பொதுவழக்கு.

சேற்றுப் பழக்கம் பனிக்கு உதவுமா?

தோட்டச் சாலையில் போர்வீல் ஓட்டிப் பழகியவர்கள், பனியும் ஒருவகைச் சேறுதானே என்று எண்ணலாம். ஓரளவுக்கு அது உண்மை. ஆனால் சில பழக்கங்கள் தலைகீழாக வேலை செய்யும். சேற்றில் சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால் டயர்ப் பள்ளங்களில் ஒட்டிய மண் சிதறி விழும்; சில வேளைகளில் சக்கரம் அடியிலுள்ள கெட்டித் தரையை எட்டிப் பிடிக்கும். பனியில் சக்கரத்தைச் சுழற்றினால், உராய்வின் சூட்டில் பனி உருகி, உடனே மீண்டும் உறைந்து, பளபளப்பான பனிக்கட்டியாகிவிடும். நாமே நமக்கு வழுக்குப் பாறையைச் செய்துகொண்டவர்கள் ஆவோம். சேற்றில் முடுக்கம் துணை. பனியில் மென்மையே துணை. கைமுறைக் கியர் வண்டியாக இருந்தால் இரண்டாம் கியரில் மெல்லப் புறப்படுவது நல்லது. தானியங்கி வண்டியில் பனிக்கென்று தனிப் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். பின்பகுதி காலியாக இருக்கும் பிக்கப் வண்டியில் பின் சக்கரங்களின் மேல் எடை குறைவு. ஆதலால் அதன் பின்புறம் வளைவில் வெளியே வீசும். இதை நம் மழைச் சாலையிலேயே பலர் கண்டிருப்பார்கள்.

கவனிக்க வேண்டிய சில முறைகள்

பனிச் சாலையில் முடுக்குவது, திருப்புவது, நிறுத்துவது ஆகிய மூன்றையும் தனித்தனியே, மெதுவாகச் செய்ய வேண்டும். டயரிடம் இருக்கும் பிடிப்பு சிறிதளவே. அதைத் திருப்பத்துக்கும் பிரேக்குக்கும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டுக்கும் போதாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு திரும்ப வேண்டும்.

முன்னே போகும் வண்டிக்கும் நமக்கும் இடையே வழக்கமான இடைவெளியைப்போல் நான்கு, ஐந்து மடங்கு விட வேண்டும்.

இறக்கத்தில் தொடங்கும்போதே குறைந்த கியருக்கு வந்து, இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். பாதி வழியில் வேகம் ஏறிய பின்பு கியரைக் குறைப்பது பயன்தராது.

ஏ.பி.எஸ். என்னும் பூட்டுத் தடுப்பு பிரேக் உள்ள வண்டியில், காலின் கீழ் பிரேக் அதிர்ந்து உறுமும். பழக்கமில்லாதவர் பயந்து காலை எடுத்துவிடுவார். எடுக்கக் கூடாது. உறுதியாக அழுத்திக்கொண்டே, போக வேண்டிய திசைக்கு வண்டியைத் திருப்ப வேண்டும்.

பாலங்களின் மேல் சிறப்பாகக் கவனம் வேண்டும். மேலும் கீழும் குளிர்காற்று படுவதால், மற்றச் சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும். அங்கே படியும் மெல்லிய பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாது. சாலை வெறுமனே நனைந்திருப்பதுபோல் தோன்றும். கடுங்குளிரைவிட, வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்கும் வேளையே மிகவும் வழுக்கும். அப்போது பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலமும் சேர்ந்துவிடுகிறது.

சில மலைப்பாதைகளில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்ட வேண்டியிருக்கும். நியூசிலாந்தின் மில்போர்டு சாலையில், குளிர்காலத்தில் அறிவிப்புப் பலகை கோரும் நாட்களில் சங்கிலி இல்லாமல் போகக் கூடாது. எந்தச் சக்கரங்களுக்குக் கட்டுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்த்து, வாடகை நிலையத்தின் முற்றத்திலேயே ஒருமுறை கட்டிப் பழகிக்கொள்வது அறிவுடைமை. இருட்டில், கை விறைக்கும் குளிரில் முதன்முறையாகக் கற்றுக்கொள்ள இயலாது.

வண்டி நின்றுவிட்டால்

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ என்ற மலைநகரில், பனியைக் காணப் போன ஆயிரக்கணக்கான வண்டிகள் பெரும் பனிப்பொழிவில் இரவு முழுவதும் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் தங்கள் கார்களுக்குள்ளேயே இறந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். கொன்றது குளிர் மட்டுமன்று. புகைக்குழாயைப் பனி மூடிவிட்ட நிலையில் சூட்டுக்காக இயந்திரத்தை ஓடவிட்டால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வண்டிக்குள் புகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார்.

ஆகவே, பனியில் அகப்பட்டால் முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். பனி விழுந்துகொண்டே இருந்தால் அடிக்கடி அகற்ற வேண்டும். இயந்திரத்தைத் தொடர்ந்து ஓடவிடாமல், இடைவெளி விட்டுச் சிறிது நேரம் மட்டும் ஓட்ட வேண்டும். கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். வண்டியை விட்டு நடந்து போகக் கூடாது. ஒரு மண்வெட்டி, போர்வை, குடிநீர், உணவு, கைவிளக்கு ஆகியவை வண்டியில் இருக்க வேண்டும். போர்வீலில் போகிறவருக்கு இவை இன்னும் அவசியம். ஏனெனில் அவர் மற்றவர்களைவிட அதிக தூரம் உள்ளே போய்த்தான் அகப்படுவார்.

நம் மழைக்கும் இதே பாடம்

இத்தனையும் கேட்டபின், பனி நாட்டுக்கே போகாதவர் இதைத் தமக்குரியதன்று என்று தள்ளிவிட வேண்டாம். நம் சாலைகளிலும் இதே விதி நாள்தோறும் வேலை செய்கிறது. பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் குழைந்து வழுக்கும். பெருமழையில் வேகமாகப் போனால், டயருக்கும் சாலைக்கும் நடுவே நீர் புகுந்து, வண்டி மிதந்து வழுக்கும். நனைந்த சாலையில் நிற்கும் தூரம் உலர்ந்த சாலையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் என்று மேலே கண்டோம். தம்போயிலிருந்து ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் மழையோடு போகும் எஸ்யூவிக்கும், அதன் முன்னே போகும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளமும் அவ்வாறே. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த பெருவெள்ளத்தில் கோத்தா திங்கி மூழ்கியதையும், ஜொகூரில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறியதையும் நாம் மறக்கவில்லை. உயரமான வண்டி என்று நம்பி ஓடும் வெள்ளத்தில் இறங்குபவர்கள் உண்டு. 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஓடும் நீரே சிறிய காரைத் தூக்கிவிடும். 60 சென்டிமீட்டர் நீர் பெரும்பாலான எஸ்யூவிகளையும் பிக்கப்களையும் அடித்துக்கொண்டு போகும். சக்கரங்கள் தரையை விட்டு எழும்பியபின், நான்கும் இழுத்தால் என்ன, ஒன்றும் இழுக்காவிட்டால் என்ன? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியோர் சொன்னது வண்டிக்கும் பொருந்தும்.

நான்கு சக்கர இழுவை நல்ல துணை. புறப்பட உதவும், ஏற உதவும், சிக்கிய இடத்திலிருந்து வெளியேற உதவும். நிறுத்துவதும் திருப்புவதும் இறங்குவதும் டயரையும் வேகத்தையும் பொறுத்தவை. பனி நாட்டில் வாடகை வண்டி எடுக்கப் போகும் நேயர்கள், "போர்வீல் இருக்கிறதா?" என்று கேட்பதற்கு முன், "பனி டயர் போட்டிருக்கிறதா? அதன் பள்ளம் எவ்வளவு ஆழம்?" என்று கேளுங்கள். இரண்டும் கிடைத்தால் மகிழ்ச்சியோடு ஏறுங்கள். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நல்ல டயரைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் மெல்லப் போங்கள்.